ரோலர் தோள்

அந்தச் சலவைக்கூடத்தில் ஒருத்தி தோள் வலிக்கிறது என்றால் யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்த வலி வந்துவிடும். வராவிட்டால்தான் பேச்சு வரும்: "இவ வேலை செய்யறாளா, வேடிக்கை பாக்கறாளா?"

ஈரம் சொட்டும் படுக்கைவிரிப்பைத் தலைக்கு மேல் உதறி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, கொதிக்கிற உருளைக்குள் ஊட்ட வேண்டும். ஊட்டி முடிப்பதற்குள் அடுத்த விரிப்பு கைக்கு வந்திருக்கும். ஓட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு, எவனெவனோ புரண்டது, எவளெவளோ பெற்றது. அந்த இயந்திரத்துக்கு ரோலர் என்று பெயர். அது கொடுக்கிற வலிக்கு ரோலர் தோள் என்று பெயர். வலியைக் கொடுத்த ரோலரே மருந்தையும் கொடுக்கும். உருளையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த துண்டை நான்காக மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு, துணிக் குவியல்மேல் கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தால் போதும். எழுந்து வந்து மறுபடி ஊட்டலாம். எல்லாருக்கும் கேட்ட வைத்தியம் அது.

அக்காவுக்கு மட்டும் கேட்கவில்லை.

தங்கை டிகிரி அப்போது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெளுப்பானை அளந்துகொண்டிருந்தாள். வேதியியல் படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அக்காவின் தோள் தேயத் தேயக் கட்டிய கட்டணத்தில் வாங்கிய பட்டத்தை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் அக்கா வேலை பார்க்கிற இடத்துக்கே சோப்பும் வெளுப்பானும் அளக்க வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாளே "டிகிரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் பாதி பெருமை, பாதி நக்கல். எந்த நேரத்தில் எந்தப் பாதி என்று கூப்பிடுகிற தொனியிலேயே தெரிந்துவிடும்.

"டிகிரீ! உங்கக்கா சாயறா, வந்து பாரு!"

கத்தியவள் ஸ்பீக்கர். ரோலரின் மறுமுனையைப் பிடிப்பவள். இயந்திர இரைச்சலுக்கு மேலே குரல் எழுப்பக்கூடிய ஒரே ஆள் என்பதால் அந்தப் பெயர். டிகிரி ஓடி வந்தபோது அக்கா துணிக் குவியலில் கிடந்தாள். அத்தை பக்கத்தில் மண்டியிட்டுத் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அத்தை என்றால் அக்காவின் மாமியார். மடிப்பு மேஜை முழுவதும் அவள் ஆட்சி. மருமகளுக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"தோள்தான். இடது பக்கம் பிடிச்சுக்கிச்சு. கொஞ்சம் சூடு பட்டா விட்டுடும்," என்றாள் அத்தை.

"விட்டுடும் விட்டுடும். எனக்கு விட்ட மாதிரி," என்று ஸ்பீக்கர் தன் தோளைச் சுழற்றிக் காட்டினாள். "கல்யாணமான புதுசுல என் புருஷன் பிடிச்ச கையை விட்டாலும் விட்டான், இந்த ரோலர் பிடிச்ச தோளை விடல."

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் மூச்சைப் பாதியில் பாதியில் நிறுத்தி நிறுத்தி இழுத்தாள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. டிகிரி குனிந்து அவள் கையைப் பிடித்தாள். இவ்வளவு சூட்டுக்கு நடுவில் கை சில்லென்று இருந்தது.

"அக்கா, வேற எங்க வலிக்குது?"

"பாத்ரூம் போகணும்டி. என்னைத் தூக்கு."

எழுந்து உட்கார்ந்ததும் அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். "ம்... இப்ப தோள் பரவால்ல," என்றாள். டிகிரியின் காதில் அது விழுந்தது. அப்போது மண்டையில் ஏறவில்லை.

கழிவறைக் கதவைச் சாத்தியதும் அக்கா சுவரோடு சரிந்தாள். வெளிக்குப் போகவேண்டும் போல முட்டுகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை என்றாள். அடிவயிற்றில் இடது ஓரமாக ஒரு வலி சில நாட்களாகவே குத்திக்கொண்டு இருந்ததாம். இன்று காலை விரிப்பை உதறத் தூக்கிய கணத்தில் உள்ளே ஏதோ கிழிந்த மாதிரி இருந்ததாம். உள்ளாடையில் அடர்பழுப்பில் கொஞ்சம் கறை.

"தூரமா?" என்று டிகிரி கேட்டாள்.

"அப்படித்தான் நினைச்சேன். ஆனா சரியாவே படல. சொட்டுச் சொட்டா, காப்பிக் கசண்டு மாதிரி." அக்கா கண்ணை மூடினாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தனக்குள்ளேயே ஒரு சண்டை போட்டு முடித்தவள் போல, தங்கையின் காதுக்கு வாயைக் கொண்டுவந்தாள். "போன வாரம் கடையில கிட் வாங்கிப் பாத்தேன்டி. ரெண்டு கோடு."

டிகிரி தலையைப் பின்னால் இழுத்து அவளைப் பார்த்தாள். "உனக்குத்தான் ஆபரேஷன் ஆயிடுச்சே?"

"அதான்டி! நீயே கேக்கற பாத்தியா? நீயே கேக்கறப்ப ஊரு என்ன கேக்கும்?"

இரண்டாவது பிள்ளை பிறந்ததுமே அக்காவுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டது. தையல் பிரித்த அன்று துணைக்குப் போனவள் அத்தைதான். அக்காவின் புருஷன், மாமா, லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி நாலு நாள் இருப்பார், போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆபரேஷன் ஆனவள், புருஷன் ஊரில் இல்லாதவள், வயிற்றில் பிள்ளை. ஒரு பெண்ணைப் புதைக்க இதற்கு மேல் மண் தேவையில்லை.

"போன வருஷம் ஒருத்தி இருந்தாளே, மச்சக்காரி. அவளுக்கும் ஆபரேஷன் ஆகி அப்புறம் வயித்துல நின்னுச்சு. இதே ரோலர்ல நின்னுக்கிட்டு ஸ்பீக்கர் என்னென்ன பேசினா, தெரியுமா? நானும் கூடச் சிரிச்சேன்டி. அவ வேலையை விட்டே போயிட்டா." அக்காவின் விரல்கள் தங்கையின் கையில் புதைந்தன. "அத்தைக்குத் தெரியக்கூடாது. உன் மேல சத்தியம்."

"முதல்ல டாக்டர்ட்ட போலாம்."

"சத்தியம் பண்ணு."

"சரி. சத்தியம்."

சொன்ன வாய் மூடுவதற்குள் அக்காவின் தலை முன்னால் தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு விரிப்பு ஏற்றிக்கொண்டு கிளம்ப வேன் வாசலில் நின்றிருந்தது. லோடு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்று சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். டிகிரி அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, "அவளையும் ஒரு லோடுன்னு எழுதிக்குங்க சார்," என்றாள். ஸ்பீக்கரும் இன்னொருத்தியும் அக்காவைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கதவை அடைக்குமுன் அத்தையும் தாவி ஏறிக்கொண்டாள்.

அடுக்கிய வெள்ளைக் கட்டுகளுக்கு நடுவில் அத்தை மருமகளைப் படுக்க வைத்தாள். படுத்த மறுநிமிடமே அக்கா அலறினாள். "தோள்! தோள்! தூக்குங்க என்னை!" தூக்கி உட்கார வைத்தால் தோள் அடங்கியது, தலை சுற்றிக் கண் சொருகியது. மறுபடி சாய்த்தால் மறுபடி அலறல். அத்தை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கட்டைப் பிரித்து விரிப்பை உருவி அவள் தோளில் வைத்து அழுத்தினாள். "சூடு ஆறிப்போச்சே, சூடு ஆறிப்போச்சே," என்று அவள் புலம்பியதைக் கேட்க டிகிரிக்குப் பயமாக இருந்தது. அத்தை புலம்பி அவள் கேட்டதில்லை.

அப்போதுதான் அக்கா சொன்னது டிகிரியின் மண்டையில் ஏறியது. ரோலர் தோள் படுத்தால் விடும். கையைத் தொங்கப்போட்டு மல்லாந்தால் எவளுக்கும் சுகம். இவளுக்குப் படுத்தால் ஏறுகிறது, உட்கார்ந்தால் இறங்குகிறது. தோளைத் தொட்டு அழுத்திப் பார்த்தாள். அக்கா முகம் சுளிக்கவில்லை. கையைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தாள். அதற்கும் ஒன்றுமில்லை. வலி தோளில் இருக்கிறது, ஆனால் தோளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அப்படியென்றால் இது எங்கிருந்து வருகிறது?

போனை எடுத்தாள். அவசரத்தில் எழுத்து எழுத்தாகத் தப்பு விழுந்தது. கர்ப்பம், ஆபரேஷன், தோள்வலி, மயக்கம். வேன் குதித்த குதியில் திரை மங்கி மங்கித் தெரிந்தது. கருப்பைக்கு வெளியே கரு தங்குவது. பெரும்பாலும் கருக்குழாயில். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். தோள் நுனியில் வலி வரலாம். உடனே அறுவை செய்யாவிட்டால்...

அதற்குக் கீழே அவள் படிக்கவில்லை. எதிரே அக்காவின் உதட்டைப் பார்த்தாள். உதட்டுக்கும் பின்னாலிருந்த விரிப்புக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே ஒரு சொட்டு இரத்தம் இல்லாமல், துணி நனையாமல், ஒருத்தி உள்ளுக்குள்ளேயே வடிந்துகொண்டிருக்கிறாள். இடுப்பில் கை போட்டுப் பிடித்திருந்தவளுக்கே தெரியவில்லை. மூன்று வருடம் படித்த படிப்பில் கறை எடுக்கிற வித்தை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், இதை எவனும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அக்கா கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தாள். வாய் அசையவில்லை. ஆனால் சத்தியத்தை ஞாபகப்படுத்துகிற பார்வை அது. அத்தை பக்கத்திலேயே இருந்தாள்.

அவசரப் பிரிவில் கூட்டம். டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்ததும் அக்கா முனகினாள்.

"என்ன பண்ணுது?"

"தோள் வலி. மயக்கம். வேலை அப்படிங்க," என்றாள் அத்தை.

"சாப்பிட்டாங்களா? சுகர் இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

டாக்டர் நாடியைப் பிடித்தாள், புருவம் சுருங்கியது. "நாள் தள்ளிப் போயிருக்காம்மா? மாசமா இருக்க வாய்ப்பு இருக்கா?"

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை.

"அவளுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு டாக்டர். நான்தான் கூட இருந்தேன்," என்றாள் அத்தை. அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் கொடுமை. உண்மையைச் சொல்லியே கொல்ல முடியும் என்று டிகிரிக்கு அன்றுதான் தெரிந்தது.

"சரி, முதல்ல ஒரு டிரிப்ஸ் போடுங்க, ஈசிஜி பாப்போம்," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு டாக்டர் பக்கத்துப் படுக்கையின் பக்கம் திரும்பினாள். அங்கே ஒருவன் கை முறிந்து கத்திக்கொண்டிருந்தான். கத்துகிறவனுக்குத்தான் எப்போதும் முதல் கவனிப்பு. அக்கா கத்தவில்லை. ஸ்ட்ரெச்சர் விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோலரில் ஊட்டுகிற மாதிரி இழுத்துக்கொண்டே கிடந்தாள். அவள் கண் தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

இவளைக் காப்பாற்றினால் நாளைக்கு இவள் முகத்தில் எப்படி விழிப்பது? காப்பாற்றாவிட்டால் விழிக்க முகமே இருக்காது.

"டாக்டர்!" என்று டிகிரி கத்திய கத்தலில் கை முறிந்தவன் வாயை மூடிக்கொண்டான். "இவ மாசமா இருக்கா. கிட்ல ரெண்டு கோடு வந்திருக்கு. ஆபரேஷன் ஆனவதான், ஆனாலும் வந்திருக்கு. இடது அடிவயிறு வலிக்குது, பழுப்பா ரத்தம் படுது, படுத்தா தோள் வலிக்குது, உக்காந்தா குறையுது. குழாய் வெடிச்சிருக்கா பாருங்க. தயவுசெஞ்சு இப்பவே பாருங்க!"

டாக்டர் ஒரே எட்டில் திரும்பி வந்தாள். வயிற்றில் கை வைத்து அழுத்தினாள். கையை எடுத்த கணத்தில் அக்கா துள்ளினாள். "பிரஷர் பாருங்க. ரெண்டு கைலயும் ஊசி போடுங்க. ரத்தத்துக்கு அனுப்புங்க. ஸ்கேன் மெஷினை இங்க தள்ளிட்டு வாங்க, சீக்கிரம்!" அதுவரை ஆளாளுக்கு நடந்துகொண்டிருந்த இடம் ஓட ஆரம்பித்தது. அந்த ஓட்டம்தான் டிகிரியை நிஜமாகப் பயமுறுத்தியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓடினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அத்தை டிகிரியின் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னடி சொன்ன? மாசமா? எப்படி?" அவள் கண்ணுக்குள் நாட்காட்டித் தாள்கள் பரபரவென்று புரள்வது டிகிரிக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. மகன் எப்போது வந்தான், எப்போது போனான். "என் பையன்..."

ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துத் தேய்த்துக்கொண்டே டாக்டர் தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "அம்மா, கணக்கெல்லாம் அப்புறம் போட்டுக்கலாம். கருப்பை காலியா இருக்கு, வயிறு முழுக்க ரத்தம். உங்க மருமக வேணும்னா இங்க கையெழுத்துப் போடுங்க."

அத்தையின் பார்வை காகிதத்திலிருந்து மருமகளுக்குப் போனது. அக்கா கண்ணை இறுக மூடியிருந்தாள். மூடிய இமைக்கடியிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத அத்தை பெருவிரலை மையில் அமுக்கி, காகிதம் கிழிந்துவிடுகிற மாதிரி குத்தினாள்.

அறுவை அரங்கின் வாசலில் இருந்த பெஞ்சில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னும் நாலு பேர் உட்காரலாம். அத்தையின் மடியில் வேனில் பிரித்த விரிப்பு இருந்தது. எப்போது கையோடு எடுத்து வந்தாள் என்று தெரியவில்லை. அதை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் டிகிரி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். இரத்தப் பை கொண்டு போனார்கள். இன்னொன்று கொண்டு போனார்கள்.

கடைசியில் டாக்டர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "பொழைச்சுட்டாங்க. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா சொல்றதுக்கில்ல. இடது குழாயை எடுத்துட்டோம்."

"இவங்க முன்னாடி சொல்லுங்க டாக்டர்," என்று டிகிரி எழுந்தாள். "ஆபரேஷன் ஆனவளுக்கு எப்படி வந்துச்சுன்னு இவங்களுக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். பெஞ்சில், அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கட்டி வெட்டின குழாய் சில பேருக்கு, ரொம்ப அபூர்வமா, தானாவே ஒட்டிக்கும்மா. முழுசாத் திறக்காது. ஊசி நுழையற அளவு ஒரு சந்து. அதுல புருஷனோட விந்து போயிடும், ஆனா சேர்ந்து உருவான கரு திரும்பிக் கருப்பைக்கு வர முடியாது. வழியிலயே தங்கி அங்கேயே வளரும். குழாய் கருப்பை மாதிரி விரியாது. வெடிச்சுடும். ஆபரேஷன் ஆகாதவங்களுக்கும் வரும். குழாய்ல முன்னாடி கிருமி தாக்கி வடு இருந்தா வரும். ஒரு காரணமும் இல்லாமலும் வரும். இதுல உங்க மருமக தப்பு ஒண்ணும் இல்ல."

"தோள்?" என்று அத்தை மெல்லக் கேட்டாள். அவளுக்கு விடாதது அதுதான்.

"கொட்டின ரத்தம் வயித்துக்குள்ளயே தேங்கி, மேல நுரையீரலுக்கு அடியில இருக்கிற தசையைப் போய் உறுத்தும். அந்தத் தசைக்குப் போற நரம்பும் தோளுக்குப் போற நரம்பும் கழுத்துல ஒரே இடத்துலேர்ந்து கிளம்புது. மூளை குழம்பிப்போய் தோள்ல வலிக்குதுன்னு சொல்லிடும். படுத்தா ரத்தம் மேல ஏறும், வலியும் ஏறும்."

அத்தை கையில் இருந்த விரிப்பைப் பார்த்தாள். "நான் படுக்க வெச்சேனே," என்றாள். "சூடு வேற வெச்சேன்."

அன்று மாலை மாமாவின் போன் வந்தபோது அதை எடுத்தவள் அத்தை. டிகிரி வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டாள். ஒட்டுக்கேட்பதில் அவளுக்கு வெட்கமில்லை. "வயித்துல ஒரு கட்டிப்பா. எடுத்தாச்சு. ஒண்ணும் பயமில்ல, நீ பாத்து ஓட்டு." அவ்வளவுதான். அது இரக்கமா, அல்லது பின்னால் எடுத்து வீசுவதற்கென்று மடியில் கட்டி வைத்த கல்லா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அக்காவுக்கு நினைவு வந்தது. குழந்தைகள் எங்கே என்று கேட்கவில்லை. நான் செத்துவிடுவேனா என்று கேட்கவில்லை. "அத்தைக்குத் தெரிஞ்சுடுச்சா?" என்றாள்.

டிகிரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாவு தொட்டுவிட்டுப் போன வாயிலிருந்து முதலில் வருகிற கேள்வி இதுவா? "தெரிஞ்சுடுச்சு. நான்தான் சொன்னேன். திட்டறதுன்னா திட்டு, உயிரோட இருந்து திட்டு. மாமாகிட்ட கட்டின்னு சொல்லியிருக்காங்க."

"கட்டின்னே இருக்கட்டும்டி."

"இருக்கட்டும். நாளைக்கு ரோலர்ல இன்னொருத்தி தோளைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவா. அங்க பாதிப் பேர் ஆபரேஷன் ஆனவங்கதான். அவளுக்கும் துண்டை மடிச்சு வெச்சுப் படுக்கப் போடுவாங்க. கட்டின்னே இருக்கட்டும்."

அக்கா மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தாள். "மச்சக்காரி எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியுமாடி?" என்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "சொல்றதுன்னா நான் அங்க இல்லாதப்பவே சொல்லிடு. நான் திரும்பி வரதுக்குள்ள பேசி முடிச்சிருக்கட்டும்."

மறுநாள் டிகிரி வேலைக்குப் போனபோது ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நிற்கிற முனையில் வேறு ஒருத்தி நின்றாள். மடிப்பு மேஜையில் அத்தை தலையை நிமிர்த்தாமல் மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கர் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"என்னாச்சு டிகிரி, உங்கக்காவுக்கு? ஏதோ கட்டியாமே? எந்த எடத்துக் கட்டி?"

டிகிரி அத்தையைப் பார்த்தாள். அத்தையின் கை மடிப்பில் நின்றது. தலை நிமிர்ந்தது. போனில் சொன்ன பொய்யைக் காப்பாற்றப் போகிறாளா, மருமகளைக் காப்பாற்றப் போகிறாளா? இவள் ஒரு வார்த்தை கோணலாகப் பேசினால் போதும், அக்கா இந்த வாசலை மிதிக்க முடியாது.

அத்தை மேஜையைவிட்டு எழுந்து வந்தாள். ரோலரின் சிவப்புப் பொத்தானை அவளே அமுக்கினாள். உருளை முனகிக்கொண்டு நின்றது. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

"கட்டி இல்ல," என்றாள் அத்தை. "என் மகனோட பிள்ளை. எடம் மாறித் தங்கிடுச்சு. மீதியை டிகிரி சொல்லுவா. எல்லாரும் கிட்ட வாங்க." பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தாள். "நீ முன்னாடி வந்து நில்லு. ஒரு வார்த்தை விடாமக் கேட்டுக்க. இதையும் ஊர் பூரா போய்ச் சொல்லணும்."

ஸ்பீக்கர் முன்னால் வந்தாள். அவள் கை தன்னையறியாமல் இடது தோளைத் தடவிக்கொண்டிருந்தது.